சந்திரமதிக்குக் கைதட்டிய ஞாயிற்றுக்கிழமை

கை தட்டுவதில் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால் தட்டுவேன், பஜனையில் உட்கார்ந்தால் தட்டுவேன். ஆனால் எழுபத்திரண்டாம் வருஷம், அந்தமானில், ஜங்லிகாட்டில் எங்கள் லைன்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஆஸ்பத்திரி ஆயா சந்திரமதிக்கு ஒரு கை தட்டினோமே, அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. அந்தக் கைதட்டலுக்கு நோட்டீஸ் எழுதினவன் நான்தான். அதே வாரம், அதே பேனாவால், அவள் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது என்று மனு எழுதினவனும் நானேதான்.

என் பெயர் சொக்கலிங்கம். சர்க்கார் ஸ்டோர் ஒன்றில் குமாஸ்தா. எங்கள் லைனில் பன்னிரண்டு வீடு, தகரக் கூரை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். பன்னிரண்டும் தமிழ்க் குடும்பம், ஆனால் ஒரு வீட்டு ஜில்லா இன்னொரு வீட்டுக்குக் கிடையாது. நான் சிவகங்கைப் பக்கம், எதிர்வீட்டுப் பழனிசாமி சேலம், இன்னொருத்தர் தஞ்சாவூர், கடைசி வீட்டில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இதில் நான் நாலு எழுத்துப் படித்தவன் என்று லைன் சங்கத்துக்குச் செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள். செக்ரட்டரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எவன் என்ன சொன்னாலும் எழுதிக் கொடுக்கிற வேலை. நானும் முறைக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

சந்திரமதி எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவள் புருஷன் மணியன் மிடில் அந்தமானில் மரம் வெட்டுகிற மஸ்தூராக, கூலியாளாக இருந்தான். ஒரு மழைக்காலத்தில் வெட்டின தடி உருண்டு அதன் கீழே போய்விட்டான். கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, புஷ்பம். ஊருக்குப் போனால் வா என்று சொல்ல ஆள் இல்லை என்று சந்திரமதி இங்கேயே ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். நான் சொல்கிற வருஷத்தில் அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது தூக்கம். அந்த மனுஷிக்கு என்றைக்கும் தூக்கம் போதாது. டியூட்டி முடிந்து வந்து குழாயடி வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நின்றபடியே கண்ணை மூடிவிடுவாள். முறை வந்ததும் பின்னால் நிற்கிறவள் தோளில் இடித்து எழுப்ப வேண்டும். என் மனைவி சரசு ஒருநாள் கேட்டாள்: "ஏன்டி, அப்படி ஓரமா உக்காந்து தூங்கேன். நின்னுக்கிட்டே எதுக்கு?"

"உக்காந்தா எந்திரிக்க முடியாதுக்கா. அதான் நிக்கிறேன்."

இவ்வளவுதான் அவள் பேச்சு. சிரிக்க வேண்டிய இடத்தில்கூட மூக்கால் ஒரு மூச்சு விடுவாள், அதுதான் சிரிப்பு. பீச்சுக்குப் போவதோ, சினிமாவுக்குப் போவதோ கிடையாது. பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு, பக்கத்தில் அணைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒற்றை அறையில் ஒரு பகல் முழுக்கத் தூங்கக் கிடைத்தால் அதுதான் அவளுக்குத் தீபாவளி. சில ஞாயிற்றுக்கிழமைகளில் புஷ்பம் அவள் கைக்கடியிலிருந்து மெல்ல நழுவி எங்கள் வீட்டுக்கு வந்து, "அம்மா தூங்குது அத்தை, சத்தம் போடாதீங்க" என்று லைனுக்கே உத்தரவு போடும்.

அந்த வருஷம் மாசி மாதம் மெட்ராஸிலிருந்து வந்த கப்பலில் நாலு பேருக்கு அம்மை போட்டிருந்தது. இறங்கும்போது யாருக்கும் தெரியவில்லை. பத்து நாளில் கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் என்று வரிசையாகப் படுத்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே, சரிவுக்குக் கீழே, மரம் அடுக்குகிற பழைய ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சுற்றிக் கம்பி கட்டி கேம்ப் போட்டார்கள். ஒரு கம்பவுண்டர், இரண்டு மஸ்தூர் கிடைத்தார்கள். பெண்களைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டும். ஒருத்தியைக் கேட்டால் இடுப்பு வலி என்றாள். இன்னொருத்திக்கு மாமியார் சீக்கு. மூன்றாவது ஆள் அடுத்த கப்பலில் ஊருக்கே ஏறிவிட்டாள். கடைசியில் சந்திரமதியைக் கேட்டார்கள். அவள் கேட்டது ஒரே கேள்விதான், அங்கே படுக்க இடம் இருக்குமா என்று.

புறப்படும்போது புஷ்பத்தை எங்கள் வீட்டில் விட்டாள். "ரெண்டு வாரம்தான்கா. பேன் பார்த்து விடுங்க, தூக்கத்துல உளறும், பயந்துக்காதீங்க" என்று சரசுவிடம் சொன்னாள். பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. அழவில்லை. அம்மாவின் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது.

இரண்டு வாரம் நாற்பத்தேழு நாளாக இழுத்துவிட்டது. நாற்பத்து மூன்று பேர் அந்த ஷெட்டில் படுத்தார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள், மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி எதிர்வீட்டுப் பழனிசாமி பெண்டாட்டி இந்திராணி. திரும்பி வந்து அவள் சொன்னாள்: "மூணு நாள் எனக்குக் கண்ணே திறக்கலண்ணே. பக்கத்துல விசிறிக்கிட்டே இருப்பா. விசிறி நின்னுச்சுன்னா அவ அசந்துட்டான்னு அர்த்தம். நான் ஒரு முனகு முனகினா போதும், திரும்ப ஓடும். பெத்தவகூட அப்படிப் பார்க்கமாட்டா."

ஞாயிற்றுக்கிழமைகளில் சரசு புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவின் மேலே போய் நிற்பாள். கீழே கம்பிக்கு உள்ளே சந்திரமதி வந்து நிற்பாள். நடுவே ஒரு நூறு அடி இருக்கும். இந்தப் பிள்ளை அங்கிருந்து கத்தும், "அம்மா, பல்லு விழுந்துருச்சு!" அவள் கையை ஆட்டுவாள். காற்றில் பாதி காதில் விழாது. பத்து நிமிஷத்தில் உள்ளேயிருந்து யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

இங்கே தலைக்குத் தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை இன்னொருத்தர் ஊற்ற, தலைக்குக் குளிக்க வேண்டும். ஒன்று விட்டு ஒருநாள், மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஆள் நாலு பேரோடு கலக்கலாம். இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கேம்ப்பில் எல்லாருக்கும் அந்தத் தண்ணீரை ஊற்றினவள் சந்திரமதி. எங்கள் பக்கம் இருந்ததே ஒரே ஒரு வேப்பமரம், அதை மொட்டை அடித்தே விட்டார்கள். தமிழர்களுக்கு ஊற்றுவதைப் பார்த்து பெங்காலி அம்மாக்களும் தெலுங்குக்காரர்களும் எங்களுக்கும் ஊற்று என்றார்களாம். அவள் ஆள் பார்க்காமல் ஊற்றியிருக்கிறாள். நாற்பத்தொரு பேருக்கு மூன்று மூன்று தடவை, குனிந்து நிமிர்ந்து.

கேம்ப்பை மூடினார்கள். கடைசி ஆள் எழுந்து போய் இரண்டு வாரம் அவளை அங்கேயே தனியாக வைத்துப் பார்த்துவிட்டு, இவளுக்கு ஒன்றும் இல்லை, அம்மை குத்தியிருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சீட்டே எழுதிக் கொடுத்துவிட்டார். சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சாயங்காலம் லைன் முனைக்கு வந்து நின்றாள். அப்போதுதான் எங்கள் ஆட்களுக்குச் சாமி வந்தது.

"சீட்டு இருக்கட்டும், மூணு தண்ணி ஊத்தியாச்சா?" என்று தஞ்சாவூர்க்காரர் கேட்டார்.

"எனக்கு அம்மையே வரலையே, எதுக்குத் தண்ணி?" என்றாள்.

"அதான் ஆபத்து. இத்தனை பேர்கிட்ட இருந்துட்டு ஆத்தா உன் மேல இறங்கலேன்னா, எங்க இறங்கலாம்னு கூடவே வந்திருப்பா. ஊத்தித்தான் அனுப்பணும்."

இப்படி ஒரு விதி எந்த ஊரில் இருக்கிறது? எங்கள் சிவகங்கையில் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் வேறு ஊரில் இருந்தாலும் இருக்கும் என்று ஒவ்வொருத்தரும் பயந்தார்கள். கடல் தாண்டி வந்த இடம், எந்த ஆத்தாளுக்கு எந்த முறை பிடிக்கும் என்று யார் கண்டது? அதனால் ஒன்றையும் விடாமல் எல்லா ஜில்லா முறையையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். தன் கையால் தானே ஊற்றக்கூடாது என்றார் தஞ்சாவூர்க்காரர். ஊற்றுகிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும், அவள் வீட்டில் பத்து வயதுக்குள் பிள்ளை இருக்கக்கூடாது என்றார்கள் சிலோன்காரர்கள். இந்திராணி குழந்தை இல்லாதவள். "நான் ஊத்துறேன், எனக்கு அவ உசிரு கொடுத்திருக்கா" என்று முன்னால் வந்தாள். உடனே அவள் புருஷன் பழனிசாமி, "எங்க சேலத்துல, தண்ணி வாங்கினவ ஒரு வருஷம் யாருக்கும் தண்ணி ஊத்தக்கூடாது" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் பன்னிரண்டு வீட்டில் தண்ணீர் ஊற்றத் தகுந்தவள் ஒருத்திகூட மிஞ்சவில்லை. இவ்வளவு பக்தியான ஆட்களை நான் வேறெங்கும் கண்டதில்லை, கர்மம்!

சரசு என்னை உள்ளே கூப்பிட்டாள். "விதியும் மண்ணாங்கட்டியும். நான் போய் ஊத்திட்டு வர்றேன்."

"நமக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றேன்.

"அந்த ரெண்டோட மூணாவதா அவ பிள்ளையும் இருக்குல்ல?"

"ஊத்திட்டு வந்து நாளைக்கு எந்தக் குழாய்ல தண்ணி பிடிப்பே? கொஞ்சம் பொறு, நாலு நாள்ல தணிஞ்சிரும்" என்றேன். பயம்தான். அம்மைக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதி.

அன்றைக்குச் சந்திரமதி சண்டை போடவில்லை. சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிக் கேம்ப்புக்கே நடந்தாள். மறுநாள் மனு எழுதினேன். மூன்று தண்ணீர் முறைப்படி ஆகும்வரை மேற்படி ஆயா லைனுக்குள் வரலாகாது, குழந்தைகள் அவரிடம் நெருங்கலாகாது என்று. பதினொரு வீட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

இதற்கு நடுவேதான் பக்தவத்சலம் வந்தார். அவர் காண்ட்ராக்டர், எங்கள் சங்கத்துக்குத் தலைவர், லைனில் குடியிருப்பவர் அல்ல. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற பழைய பேப்பரில் எங்கோ படித்திருக்கிறார், ஓர் ஊரில் பட்டாளத்துக்காரர்கள் திரும்பி வந்தபோது ஜனங்கள் எல்லாரும் தெருவில் எழுந்து நின்று கை தட்டினார்களாம். "சொக்கலிங்கம், நாமும் செய்வோம்! ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பள்ளிக்கூட மைதானம். சர்க்கார் ஆபீசர் ஒருத்தர் வருவார். கேம்ப்பில் வேலை பார்த்த நாலு பேரையும் மேடையில் ஏற்றி, ஊரே இரண்டு நிமிஷம் கை தட்டணும். ஒரு புது மரியாதை!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, மனுஷன் நிஜமாகவே உருகிப்போனார்.

நோட்டீஸைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஜங்லிகாட் கடைகளில் ஒட்டினேன். ஒட்டின இடமெல்லாம் பஞ்சாயத்து. அரிசிக் கடைத் தெலுங்குக்காரர், கை தட்டுவது காக்கா விரட்டத்தான், மரியாதை என்றால் மாலை போட வேண்டும் என்றார். பெங்காலி வாத்தியார் சங்கு ஊதலாமே என்றார். மலையாளி யூனியன்காரன் ஒருத்தன் என்னை வழியில் நிறுத்தி, "தட்டின கையோட எல்லாரும் போயிடுவீங்க. அந்த அம்மாவுக்கு ஒரு மாசம் லீவு வாங்கிக் கொடுக்க ஒரு மனு எழுதினீங்களா ஸாப்?" என்று கேட்டான். நான் எழுதியிருந்த மனு எது என்று அவனுக்குத் தெரியாது. பொம்பளை ஒருத்தி மேடையில் நிற்க ஆம்பளைகள் கை தட்டுவது டிராமாக் கொட்டகை வேலை என்று சில கிழங்கள் முணுமுணுத்தன. வெறும் குற்றமே சொல்லக்கூடாது, மனசாரச் சந்தோஷப்பட்டவர்களும் நிறையப் பேர். ஆஸ்பத்திரிக்காரர்களை இதுவரை யார் கண்டுகொண்டார்கள், இப்போதாவது செய்கிறோமே என்றார்கள். கேம்ப்பில் தாயைப் பறிகொடுத்த ஒருத்தர் நோட்டீஸ் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். அதனால் இந்தக் கைதட்டல் பொய் என்று ஒரேயடியாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சரசுவுக்கு மட்டும் வாய் நன்றாகவே வந்தது. "ஒரு குடம் தண்ணிக்கு ஆள் இல்ல, கை தட்ட ஊரே வருதாக்கும்? எனக்குக் கை வலிக்குது, நான் வரல" என்றாள்.

சனிக்கிழமை நான் கேம்ப்புக்குப் போனேன், விழாவுக்கு அழைக்க. சந்திரமதி காலி ஷெட்டில், தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலை எல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள். நான் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு நிமிஷம் நிக்கணுமா அண்ணே? நாற்காலி போடுவாங்களா?"

"போடச் சொல்றேன்."

"முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடலாமா?"

"அதையும் அப்படியே பேசி முடிச்சிடலாம். ஊர் கூடுது, ஆபீசர் வர்றாரு..."

"புஷ்பம் வரும்ல?"

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர வேணாம்னு..." என்று இழுத்தேன்.

"தூங்கணும் அண்ணே. இங்க தூக்கம் வரமாட்டேங்குது. இருந்தப்ப நாப்பது பேரு முனகுனாங்க, நின்னுக்கிட்டே தூங்குனேன். இப்ப சத்தமே இல்ல, கண்ணை மூட முடியல. என் பிள்ளையப் பக்கத்துல போட்டுக்கிட்டு என் வீட்ல படுக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." அவள் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

ஹட் பேயில் புதிதாகக் குடியேற்றம் போட்டிருந்தார்கள். அங்கே டிஸ்பென்சரிக்கு ஓர் ஆயா வேண்டும், லிட்டில் அந்தமான் காட்டில் போய் உட்கார ஒருத்தரும் தயாரில்லை. அதற்கும் அவளைத்தான் கேட்டிருக்கிறார்களாம். "முடியாதுன்னுட்டேன். வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்துவிட்டது. இவ்வளவு கூட்டத்தைச் சுதந்திர தினத்துக்குக்கூட நான் பார்த்ததில்லை. மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள், ஆனால் அது ஆபீசருக்கும் பக்தவத்சலத்துக்கும் மற்றப் பெரியவர்களுக்கும் போதும் போதாததுமாகப் போய்விட்டது. கம்பவுண்டர், இரண்டு மஸ்தூர், சந்திரமதி நாலு பேரும் நின்றார்கள். ஆயாவுக்கு மட்டும் மற்ற மூன்று பேரிடமிருந்து கொஞ்சம் தள்ளி இடம் விட்டிருந்தது. யார் விட்டார்கள் என்று தெரியாது. அவள் வெள்ளைப் புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தாள். எனக்கு மைக் பக்கத்தில் இடம், ஆபீசர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது, நான் இந்தியில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பக்தவத்சலம் வாட்சைப் பார்த்துக் கையை உயர்த்தினார். தட்டினோம்.

இரண்டு நிமிஷம் என்பது நோட்டீஸில் சின்னதாக இருந்தது. முதல் அரை நிமிஷம் உடம்பெல்லாம் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. பழனிசாமி கன்னத்தில் கண்ணீர் வழியத் தட்டினான். அப்புறம் கை எரிய ஆரம்பித்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று. சின்னப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். நிறுத்தவும் முடியாது, முதலில் நிறுத்துகிறவன் யார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, கண் பாதி மூடி, குழாயடியில் நிற்கிற மாதிரியே நின்றாள். பக்தவத்சலம் கையை இறக்கினதும் கூட்டமே அப்பாடா என்று மூச்சு விட்டது.

ஆபீசர் நல்ல மனுஷன். அவர்கள் ஏதாவது பேச விரும்பினால் பேசட்டும் என்றார். கம்பவுண்டர் கும்பிட்டார். மஸ்தூர்கள் தலையை ஆட்டினார்கள். சந்திரமதி நடந்து மைக்குக்கு வந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எல்லாரும் வந்திருக்கீங்க" என்றாள் தமிழில். குரல் மெல்லியதாக இருந்தது, மைக் அதைத் தூக்கி மைதானம் முழுக்கப் போட்டது. "கை தட்டினது போதும். மூணு தண்ணி ஊத்தாம லைனுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அம்மை வரல, ஆனா ஊத்திக்கிறேன். சண்டை போட எனக்குத் தெம்பில்ல. மொட்டை மரத்துல துளிர்த்த வேப்பிலைய நானே பறிச்சு வச்சிருக்கேன், தண்ணியும் நானே மொண்டு வச்சிருவேன். யாராவது ஒருத்தர் வந்து ஊத்துனா போதும். ஒரே ஒருத்தர். என் பிள்ளைகிட்ட போகணும்."

முன்வரிசையில் எங்கள் லைன் உட்கார்ந்திருந்தது. தஞ்சாவூர்க்காரர் செருப்பைப் பார்த்தார். இந்திராணி எழுந்திருக்கப் பார்த்தாள், பழனிசாமி அவள் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான், கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை அவனுக்கு. பின்னால் இருந்த தெலுங்கு, பெங்காலி ஜனங்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆபீசர் என் பக்கம் சாய்ந்தார். "க்யா போல் ரஹீ ஹை?" என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

அவரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். அவர் நினைத்தால் போலீஸையே அனுப்பி அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார். கூடவே மனுவைக் கேட்டிருப்பார், முதல் கையெழுத்து யாருடையது என்றும் கேட்டிருப்பார். சர்க்கார் குமாஸ்தா நான்.

"எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க ஸாப்" என்றேன் இந்தியில்.

மைக் பக்கத்திலேயே இருந்தது. சந்திரமதிக்குக் கேட்டது. இந்தத் தீவில் ஐந்து வருஷம் வார்டில் வேலை பார்த்தவளுக்கு என்னைவிட நன்றாக இந்தி வரும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் காலி. சொல்லவில்லை.

ஆபீசர் முகம் மலர்ந்து எழுந்து நின்று தட்டினார். அவருக்கு அடுத்தபடி தட்டினவன் நான். பிறகு லைன் தட்டியது, மைதானம் தட்டியது. முதல் தடவையைவிடப் பலமாக, எவரும் வாட்சைப் பார்க்காமல், தப்பித்தோம் என்கிற ஆவேசத்தோடு தட்டினார்கள். அந்த இரைச்சல் நடுவே அவள் படியிறங்கிப் போனாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது புஷ்பம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. மைதானத்துச் சத்தம் லைன்வரைக்கும் கேட்டிருக்கிறது.

"மாமா, ரெண்டாவது தடவை ரொம்ப நேரம் தட்டுனாங்களே. அம்மா என்ன சொல்லுச்சு?"

"எல்லாருக்கும் நன்றி சொன்னாங்க" என்றேன்.

சரசு அடுப்படியிலிருந்து என்னையே பார்த்தாள். அவளுக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது, இந்திராணி பின்பக்கமாக ஓடிவந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். சரசு குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள், நிறைத்தாள், இடுப்பில் வைத்துக்கொண்டு லைனே பார்க்கச் சரிவுப் பக்கம் நடந்தாள். நான் தடுக்கவில்லை. அரை மணியில் நிறைகுடத்தோடு திரும்பி வந்தாள்.

"வேணாம்னுட்டா" என்றாள். "'நீங்க ஊத்துனா உங்களையும் குழாய்ல விடமாட்டாங்க அக்கா, உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க' அப்படீங்கறா. ஹட் பே போறேன்னு சொல்லி அனுப்பிட்டாளாம். காலையில போட் கிளம்புதாம்."

விடிந்து ஆறு மணி இருக்கும், லைன் முனையில் வந்து நின்றாள். உள்ளே ஓர் அடி வைக்கவில்லை. எங்கள் வீடு தவிர எல்லா வீட்டுக் கதவும் சாத்திக் கிடந்தது. சரசு புஷ்பத்துக்குத் தலைவாரி, துணியை மூட்டை கட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், பத்தடி தள்ளி நின்றுவிட்டேன். பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. சந்திரமதி குனிந்து அதன் தலையை மோந்தாள், வாயைத் திறக்கச் சொல்லி விழுந்த பல்லைப் பார்த்தாள்.

"அம்மா, நேத்து மேடையில நீ எல்லாருக்கும் நன்றி சொன்னியாமே? மாமா சொன்னாரு."

அவள் தலையை நிமிர்த்தி, பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். தூக்கம்தான் இருந்தது.

"ஆமாடி தங்கம், சொன்னேன்" என்றாள்.